முதல் மஃப்ளரைப் பிரிக்காம முடிக்க விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

ஞாயித்துக்கிழமை மகளிர் பக்கத்துல ஊசி நூல் வெச்சு கையாலயே ஸ்வெட்டர், குல்லா, மஃப்ளர் பின்றதைப் பத்தி பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. பாத்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னா தமிழ்ப் பேப்பர்ல கோலம், எம்பிராய்டரி, ஆரி வொர்க் எல்லாம் அடிக்கடி வரும், நிட்டிங்னா ஊட்டி கொடைக்கானல் குளிருக்கு மட்டும்தான்னு யாரும் தொடவே மாட்டாங்க. பின்னலுக்கு அடிப்படையான ரெண்டு முறையையும், நிட் இப்படி, பர்ல் இப்படின்னு படம் போட்டுக் காட்டியிருந்தது புதுசா வர்றவங்களுக்கு நல்லாவே புரியும். ஆனா பக்கத்தோட கடைசியில ஆரம்பிக்கறவங்களுக்குன்னு ஒரு யோசனை சொல்லியிருந்தீங்க, எங்க தப்பு கண்ணுல பட்டாலும் யோசிக்காம மொத்தத்தையும் உருவிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க, அப்பதான் கை சுத்தமா வரும்னு. அதை மட்டும் என்னால ஒத்துக்க முடியலைங்க. அதைப் படிச்சுட்டு எத்தனை பேரு பாதி மஃப்ளரை உருவிப் போட்டிருப்பாங்களோன்னு மனசு கேக்கல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். இடம் இருந்தா போடுங்க, இல்லாட்டி அந்தப் பக்கத்தை எழுதறவங்ககிட்டயாவது இந்தக் கடுதாசியைக் குடுத்துருங்க.

நான் திருப்பூருங்க. வயசுக் காலத்துல பாதிக்கு மேல எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் டேபிள்ல நின்னவ. பீஸை விரிச்சு, முன்னால பின்னால திருப்பி, உள்ள கை விட்டு, ஓட்டை இருக்கா, கறை இருக்கா, ஊசிக் கோடு ஓடுதா, ஓவர்லாக் விட்டிருக்கான்னு பாத்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டறதுதான் வேலை. தப்பைக் கண்டுபிடிச்சுத்தான் புள்ளைங்களைப் படிக்க வெச்சேன். அதனால தப்பு இருந்தா இருந்துட்டுப் போவுது விடுங்கன்னு பேசற ஆளு நான் இல்லைன்னு முதல்லயே சொல்லிக்கறேன். தப்பை நல்லாப் பாக்கணும்ங்கறதுக்காகத்தான் முதல் பீஸை முடிங்கன்னு சொல்றேன், ஏன்னா உருவிட்டா அப்பறம் பாக்கறதுக்கு அங்க என்னங்க இருக்கு, சுருண்ட நூல்தான் இருக்கும்.

வேலையை விட்டு நின்னப்பறம் எங்க காம்பவுண்டுல குடி வந்த கோத்தகிரிக்கார அக்கா ஒருத்தர்கிட்ட ஊசி புடிக்கக் கத்துக்கிட்டேன். 8-ஆம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர், கடையில கெடச்ச சாதா அக்ரிலிக் நூல், 36 லூப் ஏத்தி, ரெண்டு பக்கமும் வெறும் நிட் மட்டும் போட்டுப் போற கார்ட்டர் ஸ்டிட்ச். குன்னூர்ல இருக்கற எங்க அண்ணன் காலையில நேரமே டீ எஸ்டேட்டுக்கு வண்டியில போறவரு, அவருக்குன்னு நெனச்சு ஆரம்பிச்ச மஃப்ளர். ஆரம்பத்துல 7 இஞ்ச் அகலம் இருந்தது முடியறப்ப 8 இஞ்ச் ஆயிருச்சு, லூப் 41 ஆயிருந்துச்சு. ஒரு ஓரம் அலை அலையா போவுது, நடுவுல ரெண்டு எடத்துல சின்ன ஓட்டை, ஒரு எடத்துல படிக்கட்டு மாதிரி ஒரு மேடு, கடைசி ஓரம் வாயைச் சுருக்கிக் கட்டின பை மாதிரி இறுகிக் கெடந்துச்சு. கடைசி ஓரம் தவிர மத்ததெல்லாம் பாதியிலயே கண்ணுல பட்டுச்சுங்க, செக்கிங் பண்ணின கண்ணுக்குப் படாம இருக்குமா. கோத்தகிரி அக்கா, பிரிக்காதீங்க, நூல் தீர்ற வரைக்கும் போங்க, என்ன வருதுன்னு கடைசியில பாக்கலாம்னு சொன்னாங்க. அந்த ஒரு சொல்லைக் கேட்டதுதான் நான் இந்த வேலையில கத்துக்கிட்ட எல்லாத்துக்கும் காரணம்.

நிட்டிங்ல மட்டும் ஏன் எல்லாரும் பிரிச்சுப் பிரிச்சு ஆரம்பிக்கறாங்கன்னா, அந்தத் துணி அப்படிப்பட்டது. தறித்துணியில பாவு வேற ஊடை வேற, குறுக்கும் நெடுக்குமா நூத்துக்கணக்குல இழை இருக்கும், வெட்டினா வெட்டினதுதான், தையல் கிளாஸ்ல ஜாக்கெட் துணியை வெட்டிட்டா நல்லா வந்தாலும் வராட்டியும் தெச்சு முடிச்சே ஆகணும். பின்னல் அப்படி இல்லைங்க, ஒரே நூல், லூப்புக்குள்ள லூப்பா கோத்துக்கிட்டு போவுது, ஊசியை உருவிட்டு நூல் முனையைப் புடிச்சு இழுத்தா வர்ற வர்ற வேகத்துல பழையபடி நூலாயிரும், காசும் நட்டமில்லை, நூலும் கெடல. அதனால கை தன்னால உருவப் போயிருது. இப்படி எங்க காம்பவுண்டுலயே எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், 4 இஞ்ச் போடுவாங்க, ஓரம் சரியில்லைன்னு உருவுவாங்க, மறுபடி 5 இஞ்ச், மறுபடி உருவல், கடைசியில நூலு பஞ்சு பஞ்சா நைஞ்சு போய் பரண் மேல ஏறிரும். அவங்களுக்கு லூப் ஏத்தறது மட்டும் அருமையா வரும், அதைத் தவிர இந்த வேலையில வேற எதையும் தொட்டே இருக்க மாட்டாங்க.

இப்ப கம்பெனிக்காரங்க தப்பை எப்படிப் பாக்கறாங்கன்னு சொன்னா உங்க வாசகர்களுக்கு ஆச்சரியமா இருக்கும். வெளிநாட்டுக்குப் போற சரக்குக்கு ஏகியூஎல்னு, அதாவது எவ்வளவு தப்பு வரைக்கும் ஏத்துக்கலாம்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 1000 பீஸ் இருக்கற ஒரு லாட்டுன்னு வெச்சுக்கோங்க, பொதுவா கேக்கற 2.5 அளவுப்படி அதுல 80 பீஸை எடுத்துப் பாக்கணும், பெரிய தப்பு இருக்கற பீஸு 5 வரைக்கும் இருந்தா லாட் பாஸ், 6 ஆயிருச்சுன்னா ஃபெயில். ஊசி முனை உள்ள மாட்டியிருக்கற மாதிரி ஆளுக்கு ஆபத்தான தப்புன்னா அது வேற, அதுல ஒண்ணு கூட இருக்கக் கூடாது. துணி ரோலைப் பாக்கறதுக்கு ஃபோர் பாயிண்ட் முறைன்னு இன்னொண்ணு, தப்பு 3 இஞ்சுக்குள்ள இருந்தா 1 பாயிண்ட், 6 வரைக்கும் 2, 9 வரைக்கும் 3, அதுக்கு மேல 4, இப்படிக் கூட்டிக்கிட்டே வந்து 100 சதுர கஜத்துக்கு 40 பாயிண்டுக்குள்ள இருந்தா பொதுவா ஏத்துக்குவாங்க. கோடிக்கணக்குல பணம் போட்டு மெஷின் வெச்சு, நாள் பூரா அதே வேலையப் பண்ற டெய்லர்களை வெச்சுத் தெக்கற எடத்துலயே இத்தனை தப்பு வரைக்கும் வரும்னு ஒத்துக்கிட்டு கணக்கு எழுதி வெச்சிருக்காங்க. வீட்டுல முதல் தடவை ஊசி புடிக்கற பொண்ணு ஒரு தப்பு வந்தாலும் மொத்தத்தையும் பிரிக்கணும்னு நாம ஏங்க சொல்லணும்?

அதை விட முக்கியமானது, கம்பெனியில தப்பை எண்ணறதோட விட்டுற மாட்டாங்க. எந்த எடத்துல எந்த மாதிரி தப்புன்னு ஷீட்ல எழுதுவாங்க, ஏன்னா தப்போட உருவத்தைப் பாத்தா அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். துணியில மேல இருந்து கீழ நேரா ஒரு கோடு ஓடுச்சுன்னா மெஷின்ல ஏதோ ஒரு ஊசி வளைஞ்சிருக்கு இல்லாட்டி தேஞ்சிருக்கு. குறுக்கால பட்டை பட்டையா வந்துச்சுன்னா நூல்ல கோளாறு, இல்ல மெஷினுக்கு நூல் விடற ஒரு ஃபீடர்ல இழுவை மாறியிருக்கு. இதை நிட்டிங் மாஸ்டருங்க துணியத் தொட்டுப் பாத்தே சொல்லிருவாங்க. ஆனா அதுக்குத் துணி நீளமா வேணுமுங்க, கை அகலத் துணியை வெச்சுக்கிட்டு எந்த மாஸ்டராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

அதனால மஃப்ளரை முடிச்சதும் நான் பழக்க தோஷத்துல மேசை மேல விரிச்சு, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பாத்தேன். அப்பதான் பாதியில பாத்தப்ப தெரியாத விஷயம் எல்லாம் தெரிஞ்சுது. லூப் கூடுனது எல்லாமே ஆரம்பத்து ஒண்ணரை அடிக்குள்ளதான் இருக்குது, அதுவும் பெரும்பாலும் வரிசையோட முதல் லூப்புலயே. ஏன்னு அக்காகிட்ட காட்டிக் கேட்டா, வரிசை ஆரம்பிக்கறப்ப நூலை ஊசிக்கு மேலால தூக்கிப் பின்னால போட்டிருக்கு, அப்படிப் போட்டா முதல் லூப்பு ரெண்டு கால் விரிச்சு ரெண்டு லூப் மாதிரி நிக்கும், ரெண்டையும் தனித்தனியா பின்னிட்டா ஒண்ணு கூடிரும், நூலைக் கீழால விட்டு அப்பறம் பின்னால கொண்டு போங்கன்னு சொன்னாங்க. நடுவுல இருந்த ஓட்டை ரெண்டும் வேற ஜாதி, நூல் முன்னால கெடக்கறப்பவே நிட் போட்டா ஊசி மேல ஒரு சுத்து சும்மா ஏறிக்கும், அடுத்த வரிசையில அதையும் பின்னிட்டா ஓட்டையும் வரும் லூப்பும் கூடும். இதையே வேணும்னு செஞ்சா அதுக்குப் பேரு யார்ன் ஓவர், லேஸ் டிசைன் பூராவும் அதுலதான் ஓடுதுன்னு அக்கா சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். படிக்கட்டு மாதிரி இருந்த மேடு நடு வரிசையில வெச்சுட்டு எந்திரிச்சுப் போனதால வந்தது. திரும்ப வந்து எடுக்கறப்ப நூல் தொங்கற ஊசி வலது கையில இருக்கணும், மாத்திப் புடிச்சா வந்த வழியே திரும்பிப் போயிருவோம், பாதி அகலம் மட்டும் ரெண்டு வரிசை உசந்துரும்.

ஒண்ணரை அடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான். அதுக்கு மேல துணி சீரா போவுது, கடைசிப் பக்கம் வர வர கொஞ்சம் லூசாவுது, ஏன்னா கை பழகப் பழக இறுக்கிப் புடிக்கற பயம் போயி நூலு தன்னால ஓடுது. இந்த மாற்றத்தை ஒரே துணியில மேல இருந்து கீழ வரைக்கும் பாக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க, ஆரம்பத்துல போட்ட இறுக்கமான பாகமும் கடைசியில போட்ட சீரான பாகமும் ஒரே மஃப்ளர்ல பக்கத்துல பக்கத்துல இருக்குது. ஓரம் கோணலாச்சேன்னு அன்னிக்கே பிரிச்சிருந்தா என் கை எப்படித் திருந்துச்சுன்னு எனக்குக் காட்டறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது.

முடிக்கறதுங்கறதே தனி வேலைங்க, அதைப் பத்தி உங்க பக்கத்துல ரெண்டே வரிதான் இருந்துச்சு. லூப்பை இறக்கி மூடறது, காஸ்ட் ஆஃப்னு சொல்வாங்க, ரெண்டு லூப் பின்னி முதல் லூப்பை ரெண்டாவது மேலால தாண்டி விடறது, கேக்கறதுக்குச் சுலபம். ஆனா அதுதான் எல்லாரும் இறுக்கற எடம், மஃப்ளர் அகலம் 8 இஞ்ச் இருந்தாலும் மூடின ஓரம் மட்டும் சுருங்கி உள்ள இழுக்கும். வழி என்னன்னா அந்த ஒரு வரிசைக்கு மட்டும் பெரிய ஊசி எடுத்துக்கணும், 8-ஆம் நம்பர்ல பின்னியிருந்தா 6-ஆம் நம்பர், அதாவது 5 மில்லிமீட்டர். நம்ம கடையில இருக்கற பழைய நம்பர் முறையில நம்பர் கூடக் கூட ஊசி சன்னமாவும், இது தெரியாம 6 சின்னது 10 பெருசுன்னு வாங்கிட்டுப் போறவங்க நிறைய, தயவு செஞ்சு அடுத்த தடவை நம்பரோட மில்லிமீட்டரையும் சேத்துப் போடுங்க. மூடின வரிசையை மட்டும் கடைசி முனையில இருந்து அவிழ்த்து திரும்ப மூடிக்கலாம், மஃப்ளர் பூராவும் அப்படியே இருக்கும், நான் அப்படித்தான் சரி பண்ணுனேன். இந்த அளவுக்குப் பிரிக்கறதை நான் வேண்டாம்னு சொல்லலைங்க, சரி பண்றது என்னன்னு தெரிஞ்சு பிரிக்கறது வேற, பாக்கவே புடிக்கலைன்னு பிரிக்கறது வேற.

அப்பறம் நூல் முனைங்க. புது உருண்டை சேத்த எடத்துல எல்லாம் முனை தொங்கும், அதை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிட்டா ரெண்டு தடவை துவைச்சதும் முடிச்சு வெளிய வந்து நிக்கும் இல்லாட்டி அவிழ்ந்துரும். 6 இஞ்ச் விட்டு, மழுங்கின முனையுள்ள பெரிய ஊசியில கோத்து, துணியில லூப்பு போற வழியிலயே கொஞ்ச தூரம் போயி, திரும்ப எதிர்ப்பக்கம் வந்து வெட்டணும். இந்த வேலையில்தான் எனக்குத் துணியைப் படிக்கவே வந்துச்சு. லூப்பு எங்க இருந்து கெளம்பி எங்க வளைஞ்சு எங்க அடுத்ததுல மாட்டுதுன்னு ஊசி முனையால தேடித் தேடிப் போறப்ப கண்ணுக்கு வழி புரிஞ்சுரும், எது நிட் எது பர்ல்னு அப்பறம் யாரையும் கேக்க வேண்டியதில்லை. முடிக்காதவங்களுக்கு இந்தப் பாடம் கெடைக்கவே கெடைக்காது. அதே மாதிரி ரெண்டு ஓட்டையையும் அதே நூல் துண்டால பின்பக்கமா ரஃபு மாதிரி இழுத்துக் கட்டினேன், அதுவும் ஒரு கைவேலைதான், நல்ல ஸ்வெட்டர்ல எலி கடிச்சாலோ ஆணி மாட்டினாலோ அதுதான் உதவும்.

கடைசியா தண்ணி. தண்ணியில போட்டு எடுக்காத வரைக்கும் எந்தப் பின்னலும் முடிஞ்சதா அர்த்தமில்லைன்னு திருப்பூர்ல எல்லாருக்கும் தெரியும். மெஷின்ல இறுக்கிப் புடிச்சு ஓடின லூப்பு ஈரம் பட்டதும் தன்னோட இயல்புக்கு வரும், அதனாலதான் எவ்வளவு சுருங்குதுன்னு ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பாக்காம கட்டிங்குக்கு விட மாட்டாங்க, ரோலைப் பிரிச்சு துணியை ஓய்வா போட்டு வெச்சிருந்துதான் கட்டிங்குக்கு எடுப்பாங்க. கையால பின்னினதும் அதே லூப்புதானுங்க. வெதுவெதுப்பான தண்ணியில முக்கி, முறுக்காம பிழியாம டவல்ல சுருட்டி அமுக்கி, தட்டையா விரிச்சுக் காய வெச்சா லூப்பு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு எடம் குடுத்து அமையுது, பாதி கோணல் அதுலயே போயிருது. ஒரிஜினல் கம்பளின்னா ஈரத்துல எப்படி விரிச்சு பின் குத்தி வெக்கறோமோ அப்படியே நிக்கும், ஆனா சுடுதண்ணியில போட்டு அலசினா கட்டி தட்டிப் போயிரும். அக்ரிலிக்ல அவ்வளவு நிக்காது, அயர்ன் பாக்ஸை மேல வெச்சுட்டா துணி தொங்கிப் போயி பளபளன்னு ஆயிரும், திரும்ப வராது. எங்க காம்பவுண்டுல ஒரு பொண்ணு ரெண்டு ஓரமும் நேரா அழகா பின்னின மஃப்ளரை அயர்ன் பண்ணி வீணாக்கிருச்சு, அந்தப் புள்ளை அழுத அழுகையை என்னால மறக்க முடியல. ஊசி வேலையில அது என்னை விடக் கெட்டி, ஆனா முடிக்கற வேலையை அதுக்கு யாரும் சொல்லித் தரலை.

இதுல எனக்கு இன்னொரு சந்தோஷம் கெடச்சுது, அதையும் சொல்லியாகணும். அத்தனை வருஷம் சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக்குன்னு பின்னல் துணி வகைங்க பேரை வாய்ல சொல்லிக்கிட்டு இருந்தேன், அது என்னன்னு கையால செஞ்சு பாத்ததில்லை. ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல்னு மாதிரிக்கு கொஞ்சம் பின்னிப் பாத்தா ஓரம் தன்னால சுருளுது, அட இது நம்ம பனியன் துணியாச்சே! கட்டிங் டேபிள்ல சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டு சுருண்டு உயிரை வாங்கும், அதே சுருளல். ஒரு நிட் ஒரு பர்ல்னு மாத்தி மாத்திப் போட்டா டீஷர்ட் கழுத்துக்கு வெக்கற ரிப். மெஷின் ஊசியில கொக்கிக்குப் பக்கத்துல திறந்து மூடற சின்ன நாக்கு இருக்கும், லேட்ச் நீடில்னு சொல்வோம், 1849-ல இங்கிலாந்துல லெஸ்டர்காரர் மேத்யூ டவுன்சென்ட் பேட்டன்ட் வாங்கினது, அந்த நாக்கு செய்யறது நம்ம வலது கை ஊசி செய்யற அதே வேலைதான், பழைய லூப்பைத் தாண்டி விட்டுப் புது லூப்பை இழுத்து வருது. அதுக்கும் முன்னால 1589-ல அதே நாட்டுல நாட்டிங்ஹாம்ஷயர் கால்வர்டன் ஊர்ப் பாதிரியார் வில்லியம் லீ கையால பின்றதை மெஷினுக்குக் கொண்டு வந்தாரு. அவரோட முதல் மெஷின்ல இஞ்சுக்கு 8 ஊசிதானாம், தடிச்ச கம்பளிக் காலுறைதான் அதுல பின்ன முடிஞ்சுது. எலிசபெத் ராணி பேட்டன்ட் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அந்த மனுஷன் அதோட விடாம, பின்னால பட்டு நூல்ல சன்னமா பின்றதுக்கு இஞ்சுக்கு 20 ஊசி வெச்சு இன்னொண்ணு செஞ்சாரு. தடிச்ச காலுறையை முழுசா பின்னி வெளிய எடுத்து நாலு பேருக்குக் காட்டினதாலதானே எதை சன்னமாக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

எப்பவுமே பிரிக்கக் கூடாதான்னு கேப்பீங்க. காசு வாங்கிக்கிட்டு ஆர்டருக்குச் செஞ்சா பிரிச்சே ஆகணும், குடுக்கறவங்க நல்ல பொருளுக்குத்தான் குடுக்கறாங்க. கை கால் அளவு சேராத ஸ்வெட்டரையும் பிரிக்கத்தான் வேணும், போட முடியாத துணியை வெச்சு என்ன பண்றது. லூப்பு நழுவி ஏணி மாதிரி கீழ எறங்கிக்கிட்டு இருந்தா அங்கேயே நிறுத்தி குரோஷா கொக்கியால ஒவ்வொரு படியா ஏத்திக் கொண்டு வரணும், அதுக்கு முழுசும் பிரிக்கவே வேண்டாம். நான் சொல்றது முதல் பீஸை மட்டுமுங்க, அது நமக்குப் பாடம் சொல்றதுக்குன்னே இருக்கு.

இதை வீட்டோட விடாம பள்ளிக்கூடத்துக்கும் சொல்லணும். கைவேலைப் பாடத்துல பின்னல் மாதிரி செஞ்சு ரெக்கார்ட் நோட்டுல ஒட்டணும்னு சில எடத்துல இன்னும் கேக்கறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா சுத்தமா இருந்தாத்தான் மார்க்குன்னு வெச்சா புள்ளைங்க என்ன பண்ணும், கடையில ரெடியா விக்கறதை வாங்கி ஒட்டுது, இல்ல அம்மாவோ பெரியம்மாவோ ராத்திரி உக்காந்து செஞ்சு குடுக்கறாங்க. மார்க்கு வந்துருது, புள்ளை கைக்கு ஒண்ணும் வரல. அதுவே அந்தக் குழந்தை போட்ட கோணலான துண்டையே ஒட்ட வெச்சு, பக்கத்துல எந்த வரிசையில என்ன ஆச்சு, எதனாலன்னு நாலு வரி எழுதச் சொல்லி அதுக்கு மார்க் போட்டா எப்படி இருக்கும்! தையல் டீச்சருங்க இதைப் படிச்சா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, உங்க கையிலதான் இருக்கு. திருப்பூர்ல பாதி வீட்டுல பனியன் கம்பெனிக்குப் போறவங்கதான், அந்தக் குழந்தைங்களுக்கு அம்மா அப்பா செய்யற வேலை என்னன்னு கையால புரியறதுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியலைங்க.

இனி ஆசிரியர்கிட்ட என் வேண்டுகோள். அடுத்த தடவை இந்தப் பக்கம் போடறப்ப ஆரம்பிக்கறவங்களுக்குக் குழந்தை ஸ்வெட்டர் குடுக்காதீங்க, கை வெக்கறது, கழுத்து எறக்கறது எல்லாம் அதுல இருக்கு, பாதியில நிக்கறதுக்கு அதுவே காரணம். முழுக்க நிட் போடற மஃப்ளர் குடுங்க, ஓரம் சுருளாது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எத்தனை லூப்புன்னு எண்ணவும் சுலபம். கறுப்பு, கருநீல நூல் வேண்டாம், லூப்பே கண்ணுக்குத் தெரியாது, வெளிர் கலர் சொல்லுங்க. நம்ம ஊரு வெயிலுக்குக் கம்பளி எதுக்குன்னு பருத்தி நூல்ல ஆரம்பிக்கச் சொல்றாங்க, பருத்திக்கு இழுவை இல்லை, ஒவ்வொரு லூப்பு ஏறக்கொறைய இருந்தாலும் அப்படியே காட்டிக் குடுக்கும், விரலும் வலிக்கும், கம்பளியோ அக்ரிலிக்கோ கொஞ்சம் நெகிழ்ந்து குடுக்கும், அதனால முதல்ல அது, பருத்தி ரெண்டாவது. மூடறது, முனை செருகறது, துவைச்சு விரிக்கறது மூணுக்கும் பின்னறதுக்குக் குடுக்கற அளவு எடமும் படமும் குடுங்க. பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்க, முன்பக்கம் மட்டும் பாத்து யாரும் வேலை கத்துக்க முடியாது. முடிஞ்சா வாசகிகளோட முதல் பீஸையும் கோணல் மாணலோட அப்படியே வாங்கிப் போடுங்க, பக்கத்துல அவங்க ரெண்டாவது பீஸையும் போடுங்க. புத்தம் புதுசா கடையில இருந்து எடுத்த மாதிரி ஸ்வெட்டர் படத்தை மட்டும் பாத்துட்டு, நமக்கெல்லாம் இது வராதுன்னு ஊசியை எடுத்து வெச்சுட்ட பொண்ணுங்களை எனக்குத் தெரியும்.

மஃப்ளர் குன்னூருக்குப் போயிருச்சுங்க, அண்ணன் தினமும் கட்டிக்கறாரு. லூசா பின்னின பக்கம்தான் கழுத்துக்கு மெத்துன்னு இருக்குன்னு போன்ல சொன்னாரு. அதைக் கேட்டு அடுத்ததுக்கு ஊசியை ஒரு அளவு பெருசா, 7-ஆம் நம்பருக்கு, 4.5 மில்லிமீட்டருக்கு மாத்தியிருக்கேன். இப்ப அண்ணியோட குல்லா ஊசியில இருக்குது, ஒரு நிட் ஒரு பர்ல் ரிப்புல ஆரம்பிச்சிருக்கேன், முதல் லூப்புல நூலைக் கீழால விடறேன், நடு வரிசையில எந்திரிக்கறதில்லை. ரிப்புல ஒரு எடத்துல நிட்டுக்குப் பதிலா பர்ல் விழுந்திருக்கு, வட்டத்துக்கு உள்ள மடிஞ்சு போற பக்கம் அது. முடிச்சுட்டுப் படம் அனுப்பறேன், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும்.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகி,
திருப்பூர்